டொக்டருக்குத் தெரியும்தானே

வெள்ளவத்தை
2025.01.19

அன்புள்ள ஹமீமா அவர்களுக்கு,

என் பெயரை நீங்கள் அறிய மாட்டீர்கள். குரலை அறிவீர்கள். உங்கள் நீரிழிவுக்காக, அந்தச் சீனி வருத்தத்துக்காக, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் டொக்டரோடு கதைக்கிறீர்களே, அப்போது அவருடைய சிங்களத்தை உங்களுக்குத் தமிழிலும், உங்கள் தமிழை அவருக்குச் சிங்களத்திலும் மாற்றிச் சொல்கிறவள் நான். நீங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுவீர்கள். உஷாந்தி என்பது என் பெயர்.

உங்கள் விலாசத்தை எங்கள் நிறுவனத்தின் பதிவிலிருந்து எடுத்தேன். அது செய்யக் கூடாத வேலை. போன் எடுக்கலாம் என்றால் பதிவில் இருப்பது உங்கள் கணவர் ராசிக் அவர்களின் நம்பர். நிறுவனத்தின் வழியாக எடுத்தால் எல்லாம் ஒலிப்பதிவாகும். அதனால்தான் கடிதம்.

போன வியாழக்கிழமை, டொக்டர் லைனுக்கு வருமுன் இருக்கும் அந்த இரண்டு நிமிடக் காத்திருப்பில், ராசிக் அவர்கள் தண்ணீர் மோட்டரை நிறுத்த எழுந்து போனார். நீங்கள் அவசரமாகச் சொன்னீர்கள்: "அந்தக் கட்டி கொஞ்சம் பெருத்த மாதிரி ஈக்குது மிஸ். டொக்டருக்குத் தெரியும்தானே, அதால நான் பயப்படல்ல." நான் வாய் திறக்குமுன் டொக்டர் வந்துவிட்டார். ராசிக் அவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஹமீமா, டொக்டருக்குத் தெரியாது.

போன ஓகஸ்டில் இதே போலக் காத்திருப்பு நேரத்தில், வலப்பக்க மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, இவருக்குத் தெரிய வேண்டாம், டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நானும் டொக்டரும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம் என்று நினைத்துவிட்டீர்கள் போலும். அவர் இரத்மலானையில் தன் வீட்டில் இருக்கிறார். நான் வெள்ளவத்தையில் என் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருக்கிறேன். அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அழைப்பு முடிந்தால் உங்களுக்கு வெட்டுப்படுவது போலத்தான் எனக்கும் வெட்டுப்படும். டொக்டர் வருமுன் நோயாளி சொல்வதை நாங்கள் சொல்லக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. நான் சொல்லவில்லை.

கட்டிகள் எல்லாம் பயங்கரமானவை இல்லை. ஆனால் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒருவராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து உடனே நேரில் போய்க் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உஷாந்தி


கொட்டாஞ்சேனை
2025.01.24

உஷாந்தி மிஸ்ஸுக்கு,

கடிதம் என்றால் சலாம் சொல்லித் தொடங்குவதுதான் எங்கள் வழக்கம். உங்களுக்கு அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் என் மகள் பர்ஹாவின் கையில் கொடுத்திருக்கிறார். "உம்மா, உங்களுக்கு பேங்க்ல இருந்து" என்று மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள். அவள் ஓடியது அல்லாஹ்வின் கருணை. குளியலறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தேன். வாசித்து முடித்த பிறகும் குழாயை மூட மறந்து நின்றேன்.

ஓகஸ்ட் கதை சரி. விதி இருக்கிறது என்கிறீர்கள், இருக்கட்டும். நவம்பரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லையே, ஏன்? நவம்பரில் நான் வாய்விட்டுக் கேட்டேன். "அந்த விஷயத்த டொக்டர்ட்ட சொன்னீங்களா மிஸ், என்ன சொன்னாரு?" நீங்கள் சொன்ன பதில் எனக்கு அப்படியே மனப்பாடம். "ஓம், சொன்னனான். பயப்பட ஒண்டுமில்லையாம்."

டொக்டருக்குத் தெரியாது என்றால், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னது யார்?

அந்த ஒரு வரியை நம்பி நான் இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பர்ஹாவின் நிக்காஹ்வுக்குப் புடவை எடுத்தேன். குளிக்கும்போது கை அந்த இடத்தில் பட்டால், டொக்டருக்குத் தெரியும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சமையலறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் அதைச் சொன்னீர்களா? அந்த நேரம் அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது மிஸ்?

வீட்டுக்கு இனி எழுத வேண்டாம். ஜம்பட்டா வீதியில் ஷபீகா என்று ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். என்னோடு படித்தவள், வாய் திறக்க மாட்டாள். அங்கே அனுப்புங்கள். என் போன் நம்பரைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். என் போனை என்னைவிடப் பர்ஹாதான் அதிகம் பார்க்கிறாள். அதோடு உங்கள் குரலைக் காதில் வாங்க எனக்கு இப்போது தெம்பில்லை. எழுதுங்கள். பேசியதை இல்லை என்று சொல்லலாம். எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது.

ஹமீமா


வெள்ளவத்தை
2025.01.27

அன்புள்ள ஹமீமா அவர்களுக்கு,

நான்தான் சொன்னேன். டொக்டர் சொல்லவில்லை.

முதல் கடிதத்தில் அதை எழுதிவிட்டுக் கிழித்தேன். பிறகு அந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதினேன். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று ஒரு அற்ப நம்பிக்கை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். போன ஜூலையில் கொச்சிக்கடையில் ஒரு ஐயா, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், காத்திருப்பு நேரத்தில் நெஞ்சு இறுக்குகிறது என்றார். டொக்டர் வந்ததும் நானாகவே அதைச் சொன்னேன். ஐயாவின் மகன், "அப்பா சொல்லாததை இவ ஏன் சொல்றா" என்று முறைப்பாடு செய்தார். எங்கள் மேற்பார்வையாளர் ரொஷேல் என்னைக் கூப்பிட்டு, நோயாளியின் வாயிலிருந்து டொக்டருக்கு முன்னால் வராத எதையும் சொல்லக் கூடாது, இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று எழுத்தில் தந்தார். அடுத்த மாதம் நீங்கள் வந்தீர்கள். டொக்டர் "வேறு ஏதும் கஷ்டம் இருக்கா" என்று கேட்டார். அதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன். ராசிக் அவர்கள் பக்கத்தில் இருந்ததால் "இல்ல" என்றீர்கள். அந்த 'இல்ல'யை நான் சிங்களத்தில் சொன்னேன். என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் நீங்கள் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. சொல்லவில்லை என்றால் ஏன் என்று கேட்பீர்கள், டொக்டர் எந்த நிமிடமும் வந்துவிடுவார். வாயில் வந்தது அந்தப் பொய். சொல்லி முடித்ததும் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அதன் பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இது காரணம்தான், நியாயம் என்று சொல்ல வரவில்லை. அடுப்பில் ஒன்றும் வெந்துகொண்டிருக்கவில்லை.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். பெரியாஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைகளில் மார்பகக் கிளினிக் நடக்கிறது. போய் விசாரித்தேன். பார்ப்பது பெண் டொக்டர்தான். தமிழ் தெரிந்தவர்கள் அங்கே இல்லை, படிவமும் சிங்களத்தில்தான். நான் கூட வருகிறேன். வருகிற செவ்வாய் போவோமா?

உஷாந்தி


கொட்டாஞ்சேனை
2025.02.03

உஷாந்தி மிஸ்,

முதலாவது, உண்மையை எழுதினீர்கள். அதற்காக இந்தப் பதில். இரண்டாவது, செவ்வாய்க்கிழமை வர முடியாது.

பர்ஹாவின் நிக்காஹ் இம்மாதம் 23ஆம் திகதி. மாப்பிள்ளை இப்ஹாம் தெஹிவளைப் பக்கம், நல்ல பிள்ளை. அவருடைய உம்மா பெண் பார்க்க வந்த அன்று, தேத்தண்ணி கோப்பையைக் கீழே வைக்குமுன் என்னைக் கேட்டார்: "மச்சி, உங்கட குடும்பத்துல சீனி மட்டும்தானே, வேற பெரிய வருத்தம் ஒண்டும் இல்லயே?" நான் இல்லை என்றேன். அப்போது எனக்குக் கட்டி வந்து ஒரு மாதம். உம்மாவுக்கு அந்த வருத்தம் என்றால் மகளுக்கும் வரும் என்று இங்கே எல்லோரும் டொக்டர்தான். ஒரு கதை கிளம்பினால் நிக்காஹ் நின்றுவிடும். நின்றுபோன நிக்காஹ்வோடு இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை எப்படி இருப்பாள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நிக்காஹ் முடியட்டும். முடிந்த கையோடு நோன்பு வருகிறது. பெருநாள் கழித்துப் பார்ப்போம்.

உங்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். 2020 டிசம்பரில் என் நானா, என் கூடப் பிறந்தவர், மூச்சு முட்டுகிறது என்று தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆறாம் நாள் மௌத்தாகிவிட்டார். கொரோனா என்றார்கள். அடக்க விடவில்லை, எரித்தார்கள். அன்றைக்கு அதுதான் சட்டம். நானாவின் மகனிடம் சிங்களத்தில் ஒரு கடதாசியை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. சாம்பலை வாங்க எங்களில் ஒருவரும் போகவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் என்றாலே எனக்கு அந்தக் கடதாசிதான் ஞாபகம் வருகிறது. போனில் டொக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டபோது என் புருஷன் சந்தோஷப்பட்டது அதற்காகத்தான். "இனி நீங்க எங்கயும் போகத் தேவல்ல, வீட்டுலயே பாக்கலாம்" என்றார். எனக்குத் தெரிந்தது மீன் வாங்குகிற சிங்களம். கிலோ எவ்வளவு, இது பழசு, நாளைக்குத் தாங்க. அதை வைத்து மார்பைப் பற்றி எப்படிக் கதைப்பது? அதனால்தான் உங்களை நம்பினேன்.

ஹமீமா


வெள்ளவத்தை
2025.02.07

அன்புள்ள ஹமீமா,

உங்கள் நானாவைப் பற்றி எழுதியதை வாசித்தேன். அதற்கு ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் மற்றதற்கு மறுமொழி சொல்லத்தான் வேண்டும். நிக்காஹ் முடியட்டும் என்கிறீர்கள். பிறகு நோன்பு. பெருநாள் மார்ச் முடிவில் வரும். பிறகு மாப்பிள்ளை வீட்டு விருந்து, பிறகு ஹஜ்ஜுப் பெருநாள். கட்டிக்கு இந்தத் திகதிகள் தெரியாது. போன மாதம் பெருத்திருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். இரண்டு மாதத்தை நான் உங்களிடமிருந்து எடுத்துவிட்டேன், இன்னும் இரண்டை நீங்களாகவே கொடுக்கப் பார்க்கிறீர்கள். பர்ஹாவுக்கு நிக்காஹ் வேண்டும்தான். அதற்குப் பிறகு உம்மா வேண்டாமா?

எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட உரிமை இல்லை என்றும் தெரிகிறது. இருந்தும் எழுதுகிறேன்: வருகிற 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமைக் கிளினிக்குக்கு நீங்கள் வராவிட்டால், நான் ராசிக் அவர்களுக்கு எழுதுவேன். அவருடைய கடை விலாசமும் பதிவில் இருக்கிறது.

உஷாந்தி


கொட்டாஞ்சேனை
2025.02.10

மிஸ்,

எழுதுங்கள். தாராளமாக எழுதுங்கள்.

சொல்லுங்கோ என்று கெஞ்சிக் கேட்ட நேரம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்கிற நேரம் சொல்லப் போகிறீர்கள். இரண்டு தடவையும் என்னிடம் கேட்கவில்லை. என் உடம்பு, என் பிள்ளை, என் புருஷன். அவருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பது எனக்குத் தெரியும். அவருடைய மூத்த தாத்தா, கூடப் பிறந்த அக்கா, இதே வருத்தத்தில்தான் மௌத்தானார். கடைசி மாதம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது இவர்தான். அந்த மனுஷனுக்கு இதைக் கடையில் நாலு பேருக்கு நடுவில் தபாலில் தெரியப்படுத்தப் போகிறீர்களா?

என் வாயை உங்களிடம் கொடுத்தது என் பிழை. அதைத் திருப்பித் தாருங்கள். இனி ஷபீகாவின் கடைக்கும் எழுத வேண்டாம்.

ஹமீமா


வெள்ளவத்தை
2025.02.13

ஹமீமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் வாசியுங்கள். உள்ளே இன்னொரு கடதாசியும் இருக்கிறது, அதைக் கிழித்துவிட வேண்டாம்.

ராசிக் அவர்களுக்கு நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். நீங்கள் சொன்னது சரி. முதல் தடவை என் வேலைக்குப் பயந்தேன், இரண்டாவது தடவை என் மனச்சாட்சிக்குப் பயந்தேன். இரண்டிலும் நீங்கள் இல்லை.

ஓகஸ்டில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள் என்று. அதை நேற்றுச் செய்தேன். காலையில் டொக்டருக்கு வேறொரு நோயாளியின் அழைப்பு முடிந்ததும், லைனை வெட்ட வேண்டாம், உங்களோடு கதைக்க வேண்டும் என்றேன். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பெயர், ஓகஸ்டில் சொன்னது, நவம்பரில் நான் சொன்ன பொய், ஜனவரியில் பெருத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.  எத்தனை மாதம் என்று அவர் கேட்டார். ஆறு என்றேன். "மிஸ், இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியது" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னேரம் ரொஷேல் கூப்பிட்டார். வேலை முடிந்தது. ரொஷேலில் பிழை இல்லை, எழுத்தில் தந்ததைத்தான் செய்தார். போகும்போது, "அந்தக் காத்திருப்பு நேரத்தில் நோயாளிகள் என்னதான் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். முக்கியமானதை எல்லாம் அப்போதுதான் சொல்கிறார்கள் என்றேன். குறித்துக்கொண்டார்.

உள்ளே இருப்பது கிளினிக்குக்கு எழுதி, டொக்டர் நேற்றே ஆளிடம் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கடிதம். அவசரம் என்று எழுதியிருக்கிறார். 18ஆம் திகதி செவ்வாய் காலை எட்டு மணிக்கு அதைக் காட்டினால் வரிசையில் காக்க வைக்க மாட்டார்கள். நிக்காஹ்வுக்கு ஐந்து நாள் முன்பு என்று தெரியும். ஒரு காலை நேரம் போதும். நான் வாசலில் நிற்பேன். நீங்கள் வராவிட்டால் பேசாமல் திரும்பிப் போவேன், இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உங்கள் வாய் உங்களிடமே இருக்கிறது.

உஷாந்தி


கொட்டாஞ்சேனை
2025.02.16

உஷாந்தி,

மிஸ் என்று எழுத வரவில்லை. வேலையும் போய்விட்டது என்கிறீர்கள், இனி என்ன மிஸ்.

டொக்டரின் கடிதத்தை ஷபீகாவிடம் காட்டினேன். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஒரு தடவை வாசித்துவிட்டுத் தையல் மெஷினை நிறுத்தினாள். "போடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கடைக்குச் சட்டை அளவு கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன். இவரிடம் நிக்காஹ் முடிந்த மறுநாள் நானே சொல்வேன்.

வருவதற்கு எனக்கு மூன்று நிபந்தனை இருக்கிறது. நான் சொல்வதில் ஒரு சொல்லையும் விடக் கூடாது, வெட்கமான சொல்லாக இருந்தாலும். டொக்டர் சொல்வதிலும் ஒன்றையும் விடக் கூடாது. என் முகம் மாறினால் நிறுத்தவும் கூடாது. சிங்களத்தில் கையெழுத்து வைக்க ஏதும் தந்தால் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும், எவ்வளவு நேரம் போனாலும். எல்லாம் முடிந்த பிறகு, டொக்டர் சொன்னதை நீங்கள் எனக்கு எழுதித் தர வேண்டும். மூன்றைத் தாண்டிவிட்டது, பரவாயில்லை.

நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அந்த வாசலில் சேலை உடுத்தவர்கள் நூறு பேர் நிற்பார்கள், அபாயா போட்டவர்கள் ஐம்பது பேர். அடையாளம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாசலில் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். நான் குரலைப் பிடித்து வந்துவிடுவேன்.

ஹமீமா


வெள்ளவத்தை
2025.03.12

அன்புள்ள ஹமீமா,

நேற்று அறையில் நடந்ததை, நீங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன். போன மாதம் 18ஆம் திகதி அவர்கள் கட்டியில் ஊசியால் எடுத்த சதைத் துண்டின் பரிசோதனை முடிவு நேற்று வந்தது. நீங்களும் ராசிக் அவர்களும் நானும் இருந்தோம். கிளினிக்கின் பெண் டொக்டர் சொன்னது இதுதான்.

இது புற்றுநோய். கட்டி நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கக்கத்தில் ஒரு முடிச்சுக்கும் போயிருக்கிறது. மற்ற இடங்களுக்குப் போனதாக ஸ்கேனில் தெரியவில்லை. வலப்பக்க மார்பை முழுதாக எடுக்க வேண்டும். 25ஆம் திகதி ஒபரேஷன். அதற்குப் பிறகு ஊசி மருந்து ஆறு தடவை, தலைமயிர் கொட்டும், திரும்ப முளைக்கும். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும், அதனால் இந்த நோன்பை விட்டுப் பிறகு பிடிப்பது நல்லது. குணமாகக் கூடிய நிலைதான். காலம் கடந்துவிடவில்லை. பர்ஹாவும் முப்பது வயதிலிருந்து கவனித்துக்கொள்ள வேண்டும், அதற்காகப் பயப்படத் தேவையில்லை.

டொக்டர் முதலில் ராசிக் அவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் சிங்களத்தில் சொன்னார். கடையில் பழகிய சிங்களத்தில் அதை விளங்கிக்கொண்ட ராசிக் அவர்கள் உங்கள் பக்கம் திரும்பி, "சின்ன ஒபரேஷன் ஒண்டுதானாம், யோசிக்காதீங்கோ" என்றார். அவர் கை மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் அந்தக் கையின் மேல் உங்கள் கையை வைத்து, "நீங்க இரிங்கோ. இவ சொல்லட்டும்" என்றீர்கள். நான் சொன்னேன். உங்கள் முகம் மாறியது. நிறுத்தவில்லை.

கையெழுத்துக் கடதாசியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஒபரேஷனுக்குச் சம்மதம், மயக்க மருந்துக்குச் சம்மதம் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. எழும்பிப் போகிற நேரம் திரும்பி நின்று கேட்டீர்கள்: "ஓகஸ்டில வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு கேளுங்கோ."

அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இன்று காலை முழுக்க யோசித்தேன். ராசிக் அவர்களுக்கும் விளங்கியிருக்கும், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், எழுதத்தான் வேண்டுமா என்று. பிறகு நவம்பரும் இப்படித்தான் வந்தது என்று நினைத்தேன்.

நான் கேள்வியைச் சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. டொக்டர் ரிப்போர்ட்டைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். "நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்போது சிறியதாக இருந்திருக்கும். கக்கத்துக்கும் அநேகமாகப் போயிருக்காது. மார்பை எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்" என்றார். அதையும் உங்களுக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கியது. அறைக்குள் நான் சேர்த்தது அது ஒன்றுதான்.

உங்கள் மார்பு என்னால் போகிறது. மன்னிப்புக் கேட்டு எழுதினால், அதற்கு மறுமொழி சொல்கிற பாரத்தையும் உங்கள் மேல் போட்டதாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

உஷாந்தி


கொட்டாஞ்சேனை
2025.03.14

அஸ்ஸலாமு அலைக்கும், உஷாந்தி.

இன்றைக்குச் சலாம் சொல்லித் தொடங்க மனம் வந்தது. ஏன் என்று கேட்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பிறகு இவரிடம் கொடுத்தேன். நிக்காஹ்வுக்கு மறுநாள் விஷயத்தைச் சொன்ன பிறகு இரண்டு நாள் இவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து, "ஏன் எனக்குச் சொல்லல்ல" என்று மட்டும் கேட்டார். "உங்கட தாத்தாவக் குளிப்பாட்டின மாதிரி இன்னொரு தடவ செய்ய வெக்க மனம் வரல்ல" என்றேன். அன்றைக்கு அழுதவர், உங்கள் கடிதத்தை வாசித்து அழவில்லை. "இத நான் சரியாச் சொல்லியிருக்க மாட்டன்" என்றார். மடித்து என்னுடைய மற்ற ரிப்போர்ட்டுகளோடு வைத்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் உம்மாவுக்கும் சொல்லிவிட்டோம். நேற்று ஒரு சட்டி நோன்புக் கஞ்சியோடு வந்தார். கோபமா, கவலையா என்று முகத்தில் பிடிக்க முடியவில்லை. போகும்போது பர்ஹாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அது எனக்குப் போதும்.

நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லது, ஏனென்றால் என்னிடம் இன்னும் அது இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது உங்கள் மேல் வருகிற கோபத்தை எழுதினால் இந்தக் கடதாசி போதாது. ஆனால் ஓகஸ்ட் கேள்வியை நான் வேண்டுமென்றுதான் கேட்டேன். விட்டுவிடுவீர்களா, சுற்றி வளைப்பீர்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தீர்கள். இனி எந்த டொக்டர் என்ன சொன்னாலும், அது அப்படியே என்னிடம் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும்.

24ஆம் திகதி என்னை வார்டில் சேர்க்கிறார்கள். அன்று மயக்க மருந்து டொக்டர் கேள்விகள் கேட்பாராம். 25 காலையில் உள்ளே கொண்டுபோகுமுன் இன்னும் கேட்பார்களாம். இவர் தான் இருக்கிறேன் என்றார். நீங்க வெளியில இருந்து துஆ கேளுங்கோ, உள்ளுக்கு உஷாந்தி வரட்டும் என்றேன்.

வாசலில் நின்று தனியாகப் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை, இப்போது முகம் தெரியும். நேரே வார்டுக்கு வந்து, என் தலைமாட்டில் நின்று பேசுங்கள்.

ஹமீமா